உயர்கல்விச் செலவுக்கு வழி தேடுவோம்



தாயகத்தில் எம் முன்னோர் நகையை அடகு வைத்தும் காணியை ஈடு வைத்தும் பிள்ளைகளைப் படிப்பித்தார்கள். கனடாவுக்கு வந்த பின்னரும் அந்த வேட்கை எம்மிடம் குறையவில்லை. இரவு பகலாக உழைக்கின்றோம், சீட்டுக் கட்டுகின்றோம். ஆயினும், பன்னிரண்டாம் வகுப்பு முடியும் வேளையில்தான் பணத்துக்கு என்ன செய்வது என்று எம்மிற் பலர் திகைக்கின்றோம். இந்நாட்டில் அக்கேள்வியைப் பிள்ளை தொட்டிலில் இருக்கும்போதே கேட்க வேண்டும். காலம் தாழ்த்தினால், அரசு தரும் பணத்தில் ஒரு பகுதியை நாம் இழந்துவிடுவோம்.

ஆர்.ஈ.எஸ்.பி எனப்படும் கல்விச் சேமிப்புத் திட்டத்தில் நாம் இடும் தொகைக்கு, 1998ஆம் ஆண்டு முதல் மத்திய அரசு 20 வீதம் மானியம் வழங்கி வருகின்றது. ஆண்டுக்கு 2,500 டொலர் இட்டால் 500 டொலர் கிடைக்கும். ஒரு பிள்ளைக்கு மொத்தமாக 7,200 டொலர் வரை பெறலாம். மாதம் 50 டொலர்தான் இயலும் என்போரும் தயங்க வேண்டியதில்லை. பதினேழு ஆண்டுகளில் அது 10,200 டொலராகும், மானியம் 2,040 டொலர், வளர்ச்சி வேறு. ஆனால், பிள்ளைக்குப் பதினைந்து வயதாகும் ஆண்டு வரை ஒன்றும் சேமிக்காதவர்களுக்கு அதன்பின் இம்மானியம் கிடையாது.

சேமிக்க வழியே இல்லாத குடும்பங்களுக்கும் ஓர் உதவி உண்டு. 2004ஆம் ஆண்டிலும் அதற்குப் பின்னரும் பிறந்த, வருமானம் குறைந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்கு, 'கனடா லேர்னிங் பொண்ட்' மூலம் 2,000 டொலர் வரை கிடைக்கும். இதற்குப் பெற்றோர் ஒரு சதமும் இடத் தேவையில்லை. பிள்ளையின் சமூகக் காப்புறுதி இலக்கத்துடன் வங்கிக்குச் சென்று கணக்குத் திறந்தால் போதும். பெற்றோர் தவறவிட்டிருந்தால், பதினெட்டு வயது நிறைந்த மாணவர் தாமே விண்ணப்பிக்கலாம். இருபத்தொரு வயது நிறையுமுன் செய்துவிட வேண்டும்.

கணக்குத் திறக்குமுன் கட்டணம் எவ்வளவு, இடையில் நிறுத்தினால் என்ன இழப்பு என்று கேட்டறிவது அவசியம். பிள்ளை உயர்கல்விக்குச் செல்லாவிடின் நாம் இட்ட பணம் எமக்கே மீளும். மானியம் அரசுக்குத் திரும்பும்.

சேமிப்புப் போதாதவிடத்து அரசின் மாணவர் உதவியை நாடலாம். அதில் திருப்பிச் செலுத்த வேண்டாத கொடையும், திருப்பிச் செலுத்த வேண்டிய கடனும் உண்டு. மத்திய அரசின் மாணவர் கடனுக்கு 2023 ஏப்ரல் முதல் வட்டி இல்லை. மாகாணப் பங்கின் விதிகள் மாகாணத்துக்கு மாகாணம் வேறுபடும். எமக்குக் கிடைக்காது என்று நாமே முடிவுசெய்யாமல் விண்ணப்பித்துப் பார்ப்பதே அறிவுடைமை. நாம் செலுத்தும் வரியிலிருந்து வரும் உதவியைக் கேட்பதில் வெட்கம் எதற்கு?

இறுதியாக ஒன்று. வீட்டுப் பணக்கஷ்டத்தைப் பிள்ளைகளிடம் மறைப்பது எம் வழக்கம். பெற்றோரை வருத்தக்கூடாதென்று விரும்பிய படிப்பைப் பிள்ளைகள் மௌனமாகக் கைவிடுவதும் உண்டு. இரு சாராரும் ஒருநாள் ஒன்றாய் அமர்ந்து கணக்குப் பார்ப்போமாக. மாணவச் செல்வங்களே, ஆங்கிலப் படிவங்களை வாசித்து அம்மா அப்பாவுக்கு விளக்குங்கள். பெற்றோரே, அடுத்த சீட்டுக் காசிற் சிறு பங்கையாவது பிள்ளையின் கல்விக்கென ஒதுக்குங்கள்.