ரிப்ளியோடு நமக்கு ஏற்பட்ட பழக்கம்

மாதுங்கா கிங்ஸ் சர்க்கிள் நடைபாதையில் பழைய புத்தகங்களைக் குவித்து விற்கும் கடைகளை நம் சங்கத்து அன்பர்களுள் அறியாதார் இரார். அங்கே ஒரு மாலை, முன்னட்டை கிழிந்த ஆங்கில நாவல் ஒன்றை வாங்கினோம். எழுதியவர் அமெரிக்கரான பட்ரீஷியா ஹைஸ்மித் அம்மையார், நூலின் பெயர் 'ரிப்ளிஸ் கேம்', 1974இல் வெளிவந்தது. ராஜேஷ்குமார், பட்டுக்கோட்டை பிரபாகர் ஆகியோரின் மாத நாவல்களை, ஊரிலிருந்து வருவோரிடம் சொல்லி வரவழைத்துப் படித்து வளர்ந்தவர்கள் நாம். மெட்ரிகுலேஷனோடு படிப்பு நின்றுவிட்ட நமக்கு ஆங்கில நாவல் என்றால் பக்கத்தில் அகராதி வேண்டும். ஆயினும் இதனை இரண்டே வாரங்களில், டோம்பிவலி லோக்கல் வண்டியில் நின்றபடியே முடித்தோம்.

கதாநாயகன் டாம் ரிப்ளி பிரான்ஸ் நாட்டுக் கிராமம் ஒன்றில் வசிக்கும் கனவான். அழகிய மாளிகை, செல்வக் குடியில் பிறந்த மனைவி, தானே பேணும் தோட்டம், நல்ல சங்கீத ரசனை ஆகிய அனைத்தும் அவனுக்கு உண்டு. அத்தகையவன், மியூனிச்சிலிருந்து பாரிஸ் செல்லும் விரைவு வண்டியின் கழிப்பறையில் ஒருவனைச் சுருக்குக் கயிற்றால் நெரித்துக் கொல்கிறான். அந்தக் கட்டத்தில் மூழ்கி நாம் டோம்பிவலியைத் தவறவிட்டுத் தாகுர்லியில் இறங்க நேர்ந்தது. இரயில்வேயில் பணிபுரிவோர்க்கு இது பெருமையன்று. இவ்வம்மையாரின் முதல் நாவலும், 1950இல் வந்தது, இரயிலில் சந்திக்கும் இருவர் கொலைகளை மாற்றிக்கொள்ளும் கதையே. மறு ஆண்டே அதனை ஹிட்ச்காக் படமாக்கினார். இரயிலுக்கும் அம்மையாருக்கும் என்ன பகையோ!

படித்து முடித்த பிறகுதான், நாம் வாசித்தது ஐந்து நூல்கள் கொண்ட ஒரு வரிசையில் மூன்றாவது என்று அறிந்தோம். 1955 முதல் 1991 வரை முப்பத்தாறு ஆண்டுகள் இந்த ஒரு கொலைஞனை விடாமல் எழுதியிருக்கிறார். அவர் 1995இல் சுவிட்சர்லாந்தில் காலமானார்.

முதல் நூலைத் தேடிப் பிடித்தோம். அதில் ரிப்ளி நியூயார்க்கில் காசுக்கு அலையும் இளைஞன். கப்பல் கட்டும் செல்வர் ஒருவர், இத்தாலியில் சுற்றித் திரியும் தம் மகன் டிக்கியைத் திரும்ப அழைத்து வரும்படி அவனை அனுப்புகிறார். போனவன், டிக்கியைப் படகில் வைத்துத் துடுப்பால் அடித்துக் கொன்று, அவன் உடையை உடுத்து, அவன் கையெழுத்தைப் போட்டு, அவனாகவே வாழத் தொடங்குகிறான். ரோமாபுரியில் டிக்கியாக நடித்த அவனை விசாரித்த அதே போலீஸ் அதிகாரி, பின்னர் வெனிஸுக்கு வந்து ரிப்ளியாகவும் அவனை விசாரிக்கிறார்; அடையாளம் தெரியவில்லை. அவ்வேளையில் நம் நெஞ்சு பதைத்தது யாருக்காக? கொல்லப்பட்ட டிக்கிக்காக அன்று. கொன்றவன் அகப்பட்டுவிடக் கூடாதே என்றுதான். நாம் படித்து வளர்ந்த துப்பறியும் கதைகளில் கடைசி அத்தியாயத்தில் விலங்கு மாட்டப்படும். நாமும் நிம்மதியாக விளக்கை அணைத்து உறங்குவோம். இங்கே அதற்கு வழியில்லை. 1960இல் இக்கதையைப் படமாக்கிய பிரெஞ்சுக்காரர்கள்கூடப் பொறுக்கமாட்டாமல், இறுதியில் அவன் பிடிபடும்படி மாற்றிவிட்டார்கள். நூலிலோ அவன் டிக்கியின் சொத்தோடு கிரேக்க நாட்டில் போய் இறங்குகிறான்.

ஆனால் நம்மை உறங்கவிடாமல் செய்தது முதல் நூலன்று, மூன்றாவதுதான். அதில் டிரெவானி என்று ஒரு படச்சட்டக் கடைக்காரர். இரத்தப் புற்றுநோய் உள்ளவர். மனைவியும் சிறு மகனும் உண்டு. ஒரு விருந்தில் ரிப்ளியிடம், "உங்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன்" என்னும் பொருள்பட ஏளனமாக ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறார். அவ்வளவே. அதற்காக ரிப்ளி, டிரெவானிக்கு நாள் நெருங்கிவிட்டதென்று ஒரு வதந்தியைக் கிளப்பிவிடுகிறான். சாவுக்கு அஞ்சிய அந்த எளிய மனிதர், குடும்பத்துக்குப் பணம் விட்டுச் செல்லலாம் என்று கூலிக்குக் கொலை செய்யவும் துணிகிறார்.

இதை எழுதலாமா என்று பலமுறை யோசித்தோம். சில ஆண்டுகளுக்கு முன் நம் அலுவலகத்து மூத்த எழுத்தர் ஒருவர், நாம் எழுதிய கடிதத்திலிருந்த ஆங்கிலப் பிழையை அனைவர் முன்னிலையிலும் படித்துக் காட்டினார். அடுத்த வாரம் அவர் விடுப்பில் சென்றபோது, தேநீர் வேளையில் நாம், "பரேலுக்குப் போய் வருகிறாராம்" என்று சொல்லிவைத்தோம். பம்பாயில் குடித்தனம் செய்வோர்க்குப் பரேல் என்றால் எந்த நோய் என்று விளக்க வேண்டியதில்லை. அவருக்கு உண்மையில் இருந்தது பித்தப்பைக் கல். ஆனால் அந்த மாதமே அவருடைய மகளுக்குப் பேசிக்கொண்டிருந்த சம்பந்தம் நின்றுபோயிற்று. நம் பேச்சுத்தான் காரணமா என்று கேட்டறியும் துணிவு நமக்கு இன்றளவும் இல்லை. பெண்ணுக்கு மறு ஆண்டு வேறிடத்தில் திருமணம் நடந்தது. நாமும் போய் மொய் எழுதி, பந்தியில் அமர்ந்து உண்டு வந்தோம்.

ரிப்ளியின் முதல் கொலையைப் படித்தபோது அவன் நமக்கு அந்நியன். அந்த வதந்தியைப் படித்தபோது அப்படித் தோன்றவில்லை.

அந்தப் பெரியவர் நாவல் பிரியர். சென்ற வாரம் நம் பையை எட்டிப் பார்த்து, "தம்பி, முடித்ததும் எனக்கும் கொடுங்கள்" என்றார். முதல் நூலைக் கொடுத்தோம், இரண்டாவதையும் கொடுத்தோம். மூன்றாவதைக் கேட்டுக்கொண்டிருக்கிறார். அது நம் வீட்டு அலமாரியில், மேல் தட்டில் இருக்கிறது.