பழைய புல்டோசர் வாங்கக் கடனா? முதல்ல செயினைப் பாருங்க!



ஆடு, மாடு, பெட்டிக்கடை என்று கடன் கேட்ட காலம் போய், இப்போ டிராக்டர், பொக்லைன் வரைக்கும் நம்ம குழுக்களில் பேச்சு வருது. கணவரோ மகனோ ஓட்டுவதற்குப் பழைய புல்டோசர் வாங்கணும்னு ஒரு உறுப்பினர் மனு கொடுத்தால் நாம என்ன பார்க்கணும்? எஞ்சின் சத்தம், பெயிண்ட், பேப்பர் இதையெல்லாம் எல்லாரும் பார்ப்பாங்க. ஆனால் பணத்தை விழுங்குவது கீழே இருக்கும் செயின் பகுதிதான். மெக்கானிக்குகள் அதை அண்டர்கேரேஜ் என்பார்கள். ஒரு புல்டோசரின் மொத்தப் பராமரிப்புச் செலவில் பாதி வரை இதற்கே போய்விடும். தவணை கட்ட வேண்டிய பணம் அங்கே போனால், குழுவுக்கு எங்கிருந்து வரும்?

சைக்கிள் செயினைத் தெரிந்தவர்களுக்கு இது கஷ்டமே இல்லை. பின்னால் பல்சக்கரம் (ஸ்ப்ராக்கெட்) செயினை இழுக்கிறது. முன்னால் ஐட்லர் என்ற சக்கரம் அதைத் திருப்பி விடுகிறது. கீழ் ரோலர்கள் வண்டியின் எடையைத் தாங்கும். மேல் ரோலர் செயின் தொங்காமல் பிடிக்கும். ஒரு கண்ணியையும் அடுத்த கண்ணியையும் சேர்ப்பது ஒரு பின். அந்தப் பின்னைச் சுற்றி ஒரு புஷ் இருக்கும்.

தேய்மானம் தொடங்குவது இந்தப் பின்னிலும் புஷ்ஷிலும்தான். உள்ளே தேயத் தேய ஒவ்வொரு கண்ணிக்கும் இடைவெளி கூடி, செயின் நீளமாகிவிடும். அப்புறம் பல்சக்கரத்தின் பல் சரியாக உட்காராமல் அதுவும் தேய்ந்து முள் மாதிரி கூராகிவிடும். ஆனால் பின்னும் புஷ்ஷும் ஒரு பக்கம்தான் தேயும், மறுபக்கம் அப்படியே இருக்கும். அதனால் செயினைக் கழற்றி, பெரிய பிரஸ்ஸில் வைத்து, பின்னையும் புஷ்ஷையும் தள்ளி எடுத்து, அரை வட்டம் திருப்பி மறுபடி அடிக்கலாம். தேயாத பக்கம் வேலைக்கு வந்துவிடும். புதுச் செயின் விலையோடு பார்த்தால் இதற்குக் குறைந்த செலவுதான். ஆனால் புஷ் ஓட்டையாகும் முன்னால், விரிசல் விடும் முன்னால் செய்யணும். அந்த நேரத்தைத் தவறவிட்டால் செயின், பல்சக்கரம் இரண்டையும் மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை. உள்ளேயே எண்ணெய் அடைத்து வரும் செயினாக இருந்தால், திருப்பும்போது சீலையும் புதிதாகப் போடணும். சிலர் இதை மிச்சம் பிடிப்பார்கள். அது வீண் சிக்கனம்.

வண்டி பார்க்கப் போகும்போது ஒரு நல்ல மெக்கானிக்கையும் கூட்டிப் போங்க. பல்லின் முனை கூராக இருக்கா? ரோலரில் எண்ணெய் கசிந்து ஈரமாக இருக்கா? ஐட்லர் முன்பக்கம் கடைசி வரை தள்ளிப் போயிருக்கா? அப்படியிருந்தால் இனி செயினை இறுக்க இடமில்லை என்று அர்த்தம். ஒரு தந்திரமும் உண்டு. நீண்டுபோன செயினில் ஒரு கண்ணியை எடுத்துவிட்டு, "பாருங்க, டைட்டா இருக்கு"ன்னு காட்டுவாங்க. அதனால் இரண்டு பக்கமும் ஷூ பிளேட்டுகளை எண்ணி, வண்டியின் கையேட்டில் உள்ள எண்ணிக்கையோடு ஒப்பிட்டுப் பாருங்க. ஹவர் மீட்டரை மாற்றிவிடலாம், ஆனால் தேய்ந்த பல்லை ஒளிக்க முடியாது.

வண்டி இதுவரை எங்கே ஓடியது என்றும் கேளுங்க. சென்னையில் மழைக்காலத்துக்கு முன்னால் அடையாறு முகத்துவாரத்தில் மணல் திட்டை அகற்றப் பொக்லைன்கள் இறங்கும். பொக்லைனுக்கும் கீழ்ப்பகுதி இதே அமைப்புதான். கடல் மணல் உப்புத்தாள் மாதிரி இரும்பைத் தேய்க்கும், உப்புத் தண்ணீர் துருப்பிடிக்க வைக்கும். தி.நகர், மயிலாப்பூர் பக்கம் பழைய வீடுகளை இடிக்கும் இடத்தில் ஓடியது என்றால், கான்கிரீட் துண்டும் கம்பியும் செயினுக்குள் சிக்கியிருக்கும். களிமண் வயலில் ஓடிய வண்டியில் தேய்மானம் குறைவாக இருக்க வாய்ப்பு உண்டு.

வாங்கிய பிறகு ஓட்டுபவர் கையில்தான் இருக்கு. வேகமாக ரிவர்ஸ் போவது, எப்போதும் ஒரே பக்கம் திருப்புவது, தார் ரோட்டில் ஓட்டிப் போவது எல்லாம் செயினைத் தின்னும். சாயங்காலம் சேற்றைச் சுரண்டி விடணும். செயினை ரொம்ப இறுக்கினாலும் சீக்கிரம் தேயும். எவ்வளவு தொய்வு இருக்கணும் என்பதைக் கையேட்டில் பார்த்துக்கொள்ளட்டும். வீட்டு ஆண்களிடம் கட்டாயம் சொல்லுங்க: செயினைத் தளர்த்த கிரீஸ் வால்வைத் திறக்கும்போது முகத்தை நேரே வைக்கக் கூடாது, ஒரு சுற்றுக்கு மேல் திறக்கவும் கூடாது. அதிக அழுத்தத்தில் பீறிடும் கிரீஸ் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். அப்படி நடந்தால் காயம் சின்னதாகத் தெரிந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடணும். உள்ளே இருக்கும் பெரிய ஸ்பிரிங்கை ரோட்டோரப் பட்டறையில் பிரிக்கவே கூடாது.

குழுவில் கடன் தீர்மானம் போடும்போது, மெக்கானிக் எழுதிக் கொடுத்த தேய்மான விவரத்தையும், செயின் திருப்ப ஆகும் செலவுக்கான கொட்டேஷனையும் மனுவோடு சேர்த்து வாங்குங்க. அந்தத் தொகையையும் சேர்த்துத்தான் வண்டி விலை என்று கணக்குப் போடணும். வாடகை வரும்போதே மணிக்கு இவ்வளவு என்று செயினுக்காகத் தனியாக எடுத்து வைக்கச் சொல்லுங்க.

சொந்த நிலத்தைச் சமன் செய்ய மட்டும்தான் என்றால் வாங்கவே வேண்டாம் என்பது என் கருத்து. சென்னை நந்தனத்தில் தலைமை அலுவலகம் வைத்திருக்கும் வேளாண்மைப் பொறியியல் துறை, விவசாயிகளுக்குப் புல்டோசரை மணிக்கணக்கில் வாடகைக்குத் தருகிறது. உங்கள் பகுதியில் உள்ள அத்துறையின் உதவி செயற்பொறியாளர் அலுவலகத்தில் கேட்டால் இப்போதைய வாடகை எவ்வளவு என்று சொல்வார்கள்.