நவம்பர் முதல் நாளும் நெய்யாற்றின்கரையும்

நவம்பர் 1-ஆம் நாள் பாறசாலையில் கேரளப் பிறவி நாள். அடுத்துள்ள களியக்காவிளையைத் தாண்டிக் குமரி மாவட்டத்துள் புகுந்தால், அதுவே தாய்த் தமிழகத்தோடு இணைந்த நாள். தமிழும் மலையாளமும் இருபுறமும் கலந்து ஒலிக்கும் நிலப்பரப்பில் நாள் ஒன்று, நினைவு இரண்டு. இஃது எங்ஙனம் நேர்ந்தது?

நேசமணி முதலியோர் நடத்திய திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரசு, தமிழர் வாழும் வட்டங்களைச் சென்னை இராஜ்யத்தோடு சேர்க்கக் கோரிற்று. நெய்யாற்றின்கரையும் அக்கோரிக்கையில் அடங்கும். 1954 ஆகஸ்டு 11-ஆம் நாள் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீசார் சுட்டதில் உயிர்கள் மாண்டன. 1956-இல் தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் செங்கோட்டையின் ஒரு பகுதியும் நமக்கு வந்தன. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. அதனுள் அடங்கிய பாறசாலையும் நின்றது. எல்லை இங்கே வட்டத்தை அளவாகக் கொண்டு கிழிக்கப்பட்டதேயன்றி, வீட்டில் பேசும் மொழியைக் கேட்டன்று.

இத்தகைய எல்லை நமக்கு மட்டும் வாய்த்ததன்று. திருவிதாங்கூர் அரசின் கலை ஆலோசகராய் விளங்கிய ஜேம்ஸ் கசின்ஸ், பெல்பாஸ்டில் பிறந்த ஐரிஷ் கவிஞர். அவருடைய தாயகம் 1921 மே 3-ஆம் நாள் இரண்டாயிற்று. அங்கே அளவுகோல் கவுண்டி. பிரிட்டனோடு நின்ற ஆறு கவுண்டிகளுள் பெர்மனா, டிரோன் என்னும் இரண்டிலும் பிரிவினையை விரும்பாதோரே மிகுதி. எல்லையை ஆராய ஒரு குழுவும் அமைந்தது. 1925-இல் அதன் அறிக்கை கிடப்பில் போடப்பட்டது. 1690-இல் நடந்த பாயின் போரை நினைந்து ஜூலை 12-இல் அங்கு ஒரு சாரார் முரசறைந்து ஊர்வலம் வருவர். மறு சாராருக்கு அந்நாள் கசப்பு. நம் எல்லையில் அத்தகைய பகை மூளவில்லை என்பது ஆறுதலே. கசின்ஸ் 1956 பிப்ரவரியில் மதனப்பள்ளியில் மறைந்தார். அவர் பணியாற்றிய நிலத்தின் குறுக்கே எல்லைக்கோடு விழுந்ததை அவர் காணவில்லை.

அந்நவம்பர் முதல் நாளுக்கு மூன்றாவது சிறப்பொன்றும் உண்டு; விழா மேடைகளில் அது அதிகம் பேசப்படுவதில்லை. மாநிலங்களைச் சீரமைத்த அதே வேளையில், அரசியலமைப்பின் ஏழாவது திருத்தத்தால் 350-அ என்னும் பிரிவு சேர்க்கப்பட்டது. மொழிச் சிறுபான்மையினரின் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் அளிக்கப் போதிய வசதி செய்ய முயல்வது ஒவ்வொரு மாநில அரசின் கடமை என அது விதிக்கிறது. மொழிச் சிறுபான்மையினர் நலனைக் கவனிக்கத் தனி அலுவலர் ஒருவரைக் குடியரசுத் தலைவர் நியமிக்க 350-ஆ பிரிவு வழிசெய்தது. பாறசாலைத் தமிழ்க் குழந்தைக்கும், பம்பாயிலோ கல்கத்தாவிலோ வாழும் நேயர்தம் குழந்தைக்கும் இப்பிரிவுகள் ஒருங்கே உரியவை.