பச்சை உடம்பும் பத்துக் கேள்விகளும்

அமெரிக்காவின் தேசிய மனநல ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த மருத்துவர்கள் 2000-ஆம் ஆண்டில் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார்கள். அதில் பங்கேற்ற 16 பெண்களில் ஒருவரும் அப்போது கர்ப்பமாக இல்லை, ஒருவருக்கும் மனச்சோர்வும் இல்லை. ஆனால் அவர்களில் எட்டுப் பேருக்கு முன்பொரு பிரசவத்துக்குப் பிறகு மனச்சோர்வு வந்து போயிருந்தது. மற்ற எட்டுப் பேருக்கு அப்படி எதுவும் வந்ததில்லை. அனைவருக்கும் ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் ஆகிய இரு ஹார்மோன்களையும் மிகுதியாகக் கொடுத்து, கர்ப்பகாலத்து ஹார்மோன் நிலையைச் செயற்கையாக உண்டாக்கினார்கள். எட்டு வாரத்துக்குப் பிறகு அவற்றை நிறுத்தினார்கள். எப்போது நிறுத்தினார்கள் என்பது அந்தப் பெண்களுக்குத் தெரியாது.

பிரசவ வலி இல்லை, தூக்கத்தைக் கெடுக்கும் பிள்ளை இல்லை, குறை சொல்லும் உறவினர் இல்லை. ஆனாலும், முன்பு மனச்சோர்வு கண்டிருந்த எட்டுப் பேரில் ஐந்து பேருக்கு அதே அறிகுறிகள் தலைகாட்டின. மற்ற எட்டுப் பேரில் ஒருவருக்குக்கூட வரவில்லை.

பிள்ளை பெற்றவள் முகம் வாடிக் கிடந்தால் நம் வீடுகளில் என்னென்ன பேச்சு எழும் என்று நமக்குத் தெரியும். "புள்ள மேல பாசமே இல்ல." "நாங்கல்லாம் பெத்துக்கலையா?" "காத்து கருப்பு ஏதாச்சும் பட்டிருக்கும்." அந்தச் சின்னச் சோதனை இந்தப் பேச்சு எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருக்கிறது. எல்லாருக்கும் கொடுத்தது ஒரே ஹார்மோன்கள்தான். ஆனால் அவற்றின் சரிவைச் சில பெண்களின் மூளை தாங்கிக்கொள்கிறது, சிலருடைய மூளை தாங்குவதில்லை. பாசத்தின் அளவுக்கும் இதற்கும் தொடர்பில்லை.

கர்ப்பகாலத்தில் இந்த ஹார்மோன்களை நஞ்சுக்கொடி பெருமளவில் சுரக்கிறது. குழந்தையைத் தொடர்ந்து நஞ்சுக்கொடியும் வெளியேறியவுடன் அந்த ஊற்று நின்றுபோகிறது. ஒன்பது மாதமாக ஏறிய அளவு சில நாட்களிலேயே பழைய நிலைக்கு இறங்கிவிடுகிறது. புரோஜெஸ்டிரோன் உடலில் சிதையும்போது அலோபிரெக்னனலோன் என்றொரு பொருள் உண்டாகிறது. அது மூளையில் 'காபா' என்ற வேதிப்பொருளின் வேலையை வலுப்படுத்துகிறது. வண்டிக்குப் பிரேக் எப்படியோ அப்படி மூளையின் பரபரப்புக்குக் காபா. புரோஜெஸ்டிரோன் சரியும்போது இந்தத் துணையும் சேர்ந்தே சரிகிறது. மூளை தன்னைப் புதிய நிலைக்குப் பழக்கிக்கொள்ள வேண்டும். அது கைகூடாதவர்களுக்குப் பதற்றமும் துயரமும் தூக்கமின்மையும் வருகின்றன என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

இங்கே மூன்று நிலைகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். பிரசவமான மூன்றாம் நாள், நாலாம் நாள் காரணமில்லாமல் அழுகை வருவது பெரும்பாலான தாய்மாருக்கு உண்டு. இரண்டு வாரத்துக்குள் அது தானாக அடங்கிவிடும். அடங்காமல் நீண்டு, எதிலும் நாட்டமில்லாமல், பிள்ளை தூங்கும்போதும் தனக்குத் தூக்கம் வராமல், "நான் நல்ல அம்மா இல்ல" என்ற எண்ணம் அரித்துக்கொண்டே இருந்தால் அது மனச்சோர்வு. மூன்றாவது நிலை அரிது. ஆயிரம் பிரசவங்களில் ஒன்றிரண்டு பேருக்கு வரும். தூக்கமே தேவைப்படாததுபோல் நடமாடுவது, இல்லாத குரல் கேட்பது, யாரோ பிள்ளையைக் கொல்லப் பார்க்கிறார்கள் என்று நம்புவது போன்றவை அதன் அறிகுறிகள். அப்போது ஒரு நாள்கூடத் தாமதிக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

ஹார்மோன் பாதிக் கதைதான். மீதியை வேலூர் சொல்கிறது. அங்குள்ள கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் ஆய்வாளர்கள் கிராமப்புறத்தில் 359 கர்ப்பிணிகளைக் கடைசி மூன்று மாதத்தில் சந்தித்து, பிரசவத்துக்குப் பிறகும் தொடர்ந்து பார்த்தார்கள். ஆய்வு 2002-இல் வெளியானது. 11 சதவீதம் பேருக்குப் பிரசவத்துக்குப் பின் புதிதாக மனச்சோர்வு வந்திருந்தது. யாருக்கு வந்தது என்பதுதான் முக்கியம். வருமானம் குறைந்தவர்கள், ஆண் பிள்ளை எதிர்பார்த்த வீட்டில் பெண் பிள்ளை பெற்றவர்கள், மாமியாரோடோ பெற்றோரோடோ உறவு சரியில்லாதவர்கள், கர்ப்பகாலத்தில் ஏதாவது பெரும் துயரத்தைச் சந்தித்தவர்கள், கை உதவிக்கு ஆள் இல்லாதவர்கள். பிரசவ அறையில் "பொம்பளப் புள்ளையா?" என்று யாரோ இழுக்கும் அந்த ஒரு தொனியும் நோய்க் காரணங்களின் பட்டியலில் சேர்கிறது. இந்தியாவெங்கும் நடந்த 38 ஆய்வுகளைத் தொகுத்து 2017-இல் வெளியான கட்டுரை, பிள்ளை பெற்ற பெண்களில் சுமார் 22 சதவீதம் பேருக்கு மனச்சோர்வு இருப்பதாகக் கணக்கிட்டது. ஐந்து பேரில் ஒருவருக்கும் மேல்.

இத்தனை பேரிடம் இருக்கும் ஒன்று ஏன் கண்ணில் படுவதில்லை? களைப்பு, பசியின்மை, தூக்கக் குறைவு ஆகியவை மனச்சோர்வின் அடையாளங்கள். கைக்குழந்தை உள்ள எல்லா வீட்டிலும் இவை உண்டு. இதை யோசித்துத்தான் பிரிட்டனில் ஜான் காக்ஸும் அவருடைய சகாக்களும் 1987-இல் எடின்பரோ அளவுகோலை உருவாக்கினார்கள். பத்தே கேள்விகள். உடல் களைப்பைப் பற்றியோ பசியைப் பற்றியோ அதில் கேள்வி கிடையாது. கடந்த ஏழு நாட்களில் சிரிக்க முடிந்ததா, வரப்போகும் நாட்களை ஆவலோடு எண்ண முடிந்ததா, தேவையில்லாமல் உங்களை நீங்களே குற்றம் சொல்லிக்கொண்டீர்களா என்பதுபோலக் கேட்டுக்கொண்டே போய், கடைசியில், உங்களையே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் வந்ததா என்று கேட்கிறது. ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். இதன் தமிழ் வடிவம் நம் பெண்களிடமும் சரியாக வேலை செய்கிறது என்பதை வேலூரில் சோதித்து 2005-லேயே வெளியிட்டுவிட்டார்கள்.

கேட்டுக் கண்டுபிடித்துவிட்டால் போதுமா, சிகிச்சைக்கு எங்கே போவது? இந்தியாவில் லட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர்கூட இல்லை, 0.75 என்பதுதான் கணக்கு. இருப்பவர்களும் பெரும்பாலும் நகரங்களில். 2015–16-இல் நடந்த தேசிய மனநல ஆய்வு, மனச்சோர்வு போன்ற பரவலான மனநலக் குறைபாடு உள்ளவர்களில் 85 சதவீதம் பேர் சிகிச்சை பெறவில்லை என்றது. பிரசவ மனச்சோர்வுக்கென்றே முதல் மருந்து 2019-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. நாம் மேலே பார்த்த அலோபிரெக்னனலோன்தான் அது. 60 மணி நேரம் ரத்தநாளம் வழியே ஏற்ற வேண்டியிருந்தது, விலை சுமார் 34,000 டாலராக இருந்தது. அதே வழியில் வேலை செய்யும் மாத்திரை 2023-இல் வந்தது, 14 நாள் சாப்பிட வேண்டும். அறிவியலுக்கு இவை பெரிய வெற்றிகள். கைப்பிள்ளையோடு பஸ் ஏறி மாவட்டத் தலைநகருக்கு வர வேண்டிய பெண்ணுக்கு இவற்றால் இன்றைக்குப் பயனில்லை.

அவளுக்குப் பயன்படும் விடை பாகிஸ்தானில், ராவல்பிண்டியைச் சுற்றியுள்ள கிராமங்களில் கிடைத்தது. மனநல மருத்துவர் ஆதிஃப் ரஹ்மானும் அவருடைய குழுவினரும் அங்கே ஏற்கெனவே வீடு வீடாகப் போய்க்கொண்டிருந்த சுகாதாரப் பணிப்பெண்களுக்குப் பயிற்சி தந்தார்கள். அந்தப் பெண்கள் பள்ளிப் படிப்பு முடித்தவர்கள், மனநலம் படித்தவர்கள் அல்ல. மனச்சோர்வு இருந்த 903 கர்ப்பிணிகள் ஆய்வில் சேர்ந்தார்கள். ஒரு பாதிக் கிராமங்களில் பயிற்சி பெற்றவர்கள் போனார்கள். மறு பாதியில் பயிற்சி பெறாதவர்கள் அதே எண்ணிக்கையில் போய் வந்தார்கள். பயிற்சியில் சொல்லித் தந்தது இதுதான்: அவள் பேசுவதை இடைமறிக்காமல் கேட்பது, "என்னால ஆகாது" போன்ற எண்ணங்களை அவளே அடையாளம் காணச் செய்வது, அதற்கு மாற்றாக எதைச் செய்து பார்க்கலாம் என்று சேர்ந்து யோசிப்பது, குடும்பத்தாரையும் அதில் இழுப்பது. மனநோய் என்று பேச்சைத் தொடங்கவில்லை, பிள்ளையின் நலன் என்றுதான் தொடங்கினார்கள். அதனால் மாமியார்கள் கதவைச் சாத்தவில்லை.

குழந்தைகளுக்கு ஆறு மாதமானபோது, வழக்கமான வருகை நடந்த கிராமங்களில் 53 சதவீதத் தாய்மாருக்கு மனச்சோர்வு நீடித்தது. பயிற்சி பெற்றவர்கள் போன இடத்தில் 23 சதவீதம் மட்டுமே. பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு குறைந்திருந்தது, தடுப்பூசிகளும் கூடுதலாக முழுமை பெற்றிருந்தன. 2008-இல் வெளியான இந்த முறையை உலக சுகாதார நிறுவனம் பின்னர் தன் கையேடாகவே ஏற்றுக்கொண்டது. கோவாவில் அக்கம்பக்கத்துப் பெண்களையே பயிற்றுவித்தும் செய்து பார்த்தார்கள். மூளையின் வேதியியலோடு தொடங்கிய ஒரு நோயை, முறையறிந்த பேச்சு குணப்படுத்துகிறது! எனக்கு இந்த விஷயத்தில் ஆகப் பெரிய வியப்பு இதுதான். கடுமையான நிலையில் உள்ளவர்களுக்கு மருந்து வேண்டும். செர்ட்ராலின் போன்ற மருந்துகள் தாய்ப்பாலில் மிகக் குறைந்த அளவே கலப்பதால், மருத்துவர் மேற்பார்வையில் பாலூட்டிக்கொண்டே சாப்பிடலாம். பெங்களூரு நிம்ஹான்ஸில் தாயையும் சேயையும் சேர்த்தே வைத்துப் பார்க்கும் தனிப் பிரிவு இருக்கிறது. சிகிச்சையில் இருக்கும் தாயிடமிருந்து மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையைச் சாதாரணமாகப் பிரிக்கக் கூடாது என்று 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் சொல்கிறது.

தமிழ்நாட்டில் 99.6 சதவீதப் பிரசவங்கள் மருத்துவமனைகளில் நடக்கின்றன என்கிறது ஐந்தாவது தேசிய குடும்பநல ஆய்வு. கர்ப்பம் பதிவானதிலிருந்து தாயின் எடை, ரத்த அழுத்தம், ஹீமோகுளோபின் எல்லாம் அட்டையில் ஏறுகின்றன. யாருக்கு வரக்கூடும், எந்த மாதத்தில் வரக்கூடும், அவள் எந்தத் தெருவில் இருப்பாள் என்று முன்கூட்டியே இவ்வளவு துல்லியமாகத் தெரிந்த நோய் வேறு எத்தனை உண்டு? அவளைத் தேடிப் போக வேண்டியதில்லை. பிள்ளைக்கு ஆறாவது வாரத் தடுப்பூசி போட அவளே வருவாள். அன்றைக்கு அந்தப் பத்துக் கேள்விகளையும் கேட்பது எல்லா ஆரம்ப சுகாதார நிலையத்திலும் கட்டாயமாக வேண்டும். கிராம சுகாதார செவிலியருக்கு அதற்கான பயிற்சி வேண்டும். அதைச் செய்ய நேரமும் வேண்டும். இருக்கிற பதிவேடுகளோடு இன்னொரு பதிவேட்டையும் அவர் தலையில் கட்டினால் ஒன்றும் நடக்காது.

வீட்டில் இருப்பவர்கள் அதுவரை காத்திருக்க வேண்டாம். இரண்டு வாரம் தாண்டியும் அவள் வாட்டம் தெளியவில்லை என்றால் அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள்; ரத்தசோகையோ தைராய்டு கோளாறோ இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். 14416 என்ற டெலி-மனஸ் எண்ணில் தமிழிலேயே இலவசமாகப் பேசலாம். இரவில் ஒரு வேளைப் பொறுப்பைக் கணவர் ஏற்று, அவளைத் தொடர்ந்து சில மணி நேரம் தூங்கவிடலாம். தன்னை மாய்த்துக்கொள்வது பற்றி அவள் ஒரு சொல் சொன்னாலும் தனியே விடாமல் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். இது குணமாகும் நோய். குணமாக்கும் வழி நம் கையெட்டும் தூரத்தில் இருக்கும்போது, ஒரு தாய் தன்னையே குற்றவாளியாக எண்ணிக்கொண்டு மாதக்கணக்கில் தனியே வதைபடுவதை நாம் இயல்பு என்று ஏற்றுக்கொள்ளக் கூடாது.