மாதிரி வானூர்தியின் இறக்கையும் காலும்

பெரிய வானூர்திகளின் உருவத்தைச் சிறிய அளவில் அமைத்து, நிலத்தில் நின்றவாறே வானொலி அலைகளால் அவற்றைச் செலுத்தி மகிழ்வோர் பல நாடுகளிலும் உளர். அம்மாதிரிகளுள் ஜெட் ஊர்திகள் தனிச்சிறப்புடையன. மண்ணெண்ணெயை எரித்து இயங்கும் சிறிய சுழலிப் பொறி அவற்றை உந்துகின்றது. இருபது கிலோகிராம் எடையுள்ள மாதிரிகளும் உண்டு. இவற்றை வெறும் விளையாட்டுப் பொருள்கள் என்று எண்ணுதல் தவறு. பறக்கும்போது இறக்கை ஒடியுமாயின், கீழே நிற்போர் உயிருக்கே இடர் நேரும்.

சிறிய மாதிரி ஒன்று நன்றாகப் பறந்தால், அதனை அவ்வாறே இருமடங்கு பெரிதாக்கினும் நன்றாகப் பறக்கும் என்று பலர் கருதுவர். இயற்கை அதற்கு இடங்கொடுப்பதில்லை. இதன் காரணத்தை இத்தாலிய அறிஞர் கலிலியோ, 1638-ஆம் ஆண்டில் வெளிவந்த தம் நூலில் விளக்கினார். ஒரு பொருளின் நீளம், அகலம், உயரம் ஆகிய மூன்றும் இரட்டித்தால், அதன் எடை எட்டு மடங்காகும். அதனைத் தாங்கும் உறுப்பின் குறுக்குப் பரப்போ நான்கு மடங்கே ஆகும். மானின் கால் மெலிந்தும் யானையின் கால் தூண்போலப் பருத்தும் இருப்பது இதனாலன்றோ!

இவ்விதிப்படி, 2 கிலோகிராம் மாதிரியை அதே பொருள்களால் இருமடங்கு பெரிதாக்கினால் அது 16 கிலோகிராம் ஆகும். இறக்கையின் பரப்பு நான்கு மடங்கே ஆதலால், அதன் ஒவ்வொரு பகுதியும் முன்னினும் இருமடங்கு பாரம் தாங்கவேண்டும். அப்பாரத்தைக் காற்றில் நிறுத்த ஊர்தி முன்னினும் விரைந்து பறத்தல் வேண்டும். விரைந்தே தரையிறங்கவும் வேண்டும். இவ்வாறு இறக்கைக்கும் சக்கரக் காலுக்கும் ஒருங்கே துன்பம் நேர்கின்றது.

முதலில் இறக்கையை நோக்குவோம். 20 கிலோகிராம் மாதிரி ஒன்று, நொடிக்கு 60 மீட்டர் விரைவில் கீழ்நோக்கிப் பாய்ந்து, 60 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தில் மேல்நோக்கி வளைவதாகக் கொள்வோம். வட்டத்தின் அடிப்புள்ளியில் அதன் இறக்கைகள் ஏறத்தாழ 140 கிலோகிராம் பாரத்தைத் தாங்கும். அப்போது இறக்கை மேல்நோக்கி வளையும். அதன் மேற்புறம் நெருக்குண்ணும், கீழ்ப்புறம் இழுபடும். ஆகவே இறக்கையினுள் ஓடும் உத்தரத்தின் மேலும் கீழும் கார்பன் இழைப் பட்டைகளை வைத்து, இடையே மெல்லிய ஒட்டுப்பலகையை நிறுத்துவர். எடை குறையும், வலிமை குறையாது.

இனிக் காலை நோக்குவோம். அதே மாதிரி, நொடிக்கு 2 மீட்டர் வீதம் தாழ்ந்து தரையைத் தொடுகின்றது. கால் 1 சென்டிமீட்டரே அமுங்குமாயின், அதன்மேல் விழும் விசை ஏறத்தாழ 400 கிலோகிராம் எடைக்கு நிகராகும். உள்ளிருக்கும் சுருள்வில்லால் 5 சென்டிமீட்டர் அமுங்குமாயின், அவ்விசை 80 கிலோகிராம் அளவிற்குத் தணியும். விறைத்து நிற்கும் காலினும் வளைந்து கொடுக்கும் காலே சிறந்தது.

இவ்விரண்டிற்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. பல மாதிரிகளில் கால் இறக்கையிலேயே பொருந்தியுள்ளது. சக்கரம் மடங்கி உள்ளே செல்ல இறக்கையில் குழி வெட்டுவர்; வெட்டிய இடம் வலிமை குன்றும். காலைத் தாங்கும் பலகை உத்தரத்தோடு உறுதியாகப் பிணைக்கப்படாவிடில், புல்தரையின் இழுப்பிற்கே அது பெயர்ந்துவிடும். கடுமையாக இறங்கியபோது உண்டான சிறு விரிசல், அடுத்த பறப்பில் இறக்கையையே ஒடிக்கவும் கூடும்.

ஆதலின் அறிவுடையோர் பறக்குமுன் இறக்கையைத் தலைகீழாகத் தாங்கி, அதன்மேல் மணல் மூட்டைகளை அடுக்கிச் சோதிப்பர். இறங்கியபின் இணைப்புகளை ஆராய்வர். பெரிய ஊர்திகளுக்கும் இத்தகைய சோதனை உண்டு. 1995-ஆம் ஆண்டில் போயிங் 777 ஊர்தியின் இறக்கையை நிலத்தில் வைத்தே வளைத்தனர். பறக்கும்போது நேரக்கூடிய மிகப்பெரும் பாரத்தின் 154 விழுக்காட்டில் அது ஒடிந்தது. வேண்டிய அளவு 150 விழுக்காடே. ஒடியும் எல்லையை நிலத்திலேயே அறிந்துகொண்டவர், வானில் அவ்வெல்லையை அணுகாது காப்பர்.