சந்தையில் வாங்கிய குதிரையை வீடு கொண்டு சேர்த்தல்

ஆடி மாதத்தில் அந்தியூர் குருநாதசுவாமி கோயில் திருவிழாவை ஒட்டிக் கூடும் குதிரைச் சந்தையை நம் அங்கத்தினர்களில் பலர் அறிவர். பவானி ஜமக்காள நெசவாளர்களுக்கு அது பக்கத்து ஊர்த் திருவிழா. வெற்றிலைக்கொடிக்கால் வைத்திருப்போருக்கு உள்ளூர் விசேஷம். உயர்ந்து நிற்கும் மார்வாரி, காத்தியவாரிக் குதிரைகளைச் சுற்றித்தான் எப்பொழுதும் கூட்டம். காது முனைகள் உள்நோக்கி வளைந்து ஒன்றையொன்று தொடும் அழகைக் காணவே தொலைவிலிருந்து வருகிறவர்கள் உண்டு. ஆனால் நாம் இக்கட்டுரையில் எழுதப் புகுவது அவற்றைப் பற்றியன்று. சந்தையின் ஓரத்தில், விலை குறைவாக, அழகு பார்ப்பாரின்றி நிற்கும் மட்டக்குதிரைகளைப் பற்றியது.

கொடைக்கானல் மலையில் வெள்ளகவி முதலிய சிற்றூர்களிலிருந்து காப்பியும் மிளகும் நெடுங்காலமாகக் குதிரை முதுகில் ஏறித்தான் வண்டிச்சாலைக்கு வந்திருக்கின்றன. வண்டி எட்டாத தோட்டத்தை உடைய சிறு விவசாயிக்கு மட்டக்குதிரை ஆடம்பரமன்று. அதுவே அவனுடைய லாரி. ஆகவே சங்கத்தில் கடன் பெற்றுக் குதிரை வாங்குவதில் வியப்பு ஒன்றுமில்லை. வாங்கிய குதிரை தோட்டம் வரை உயிரோடு வந்து சேர வேண்டுமே என்பதுதான் கவலை.

மூன்று ஆண்டுகளுக்கு முன் மலையடிவாரச் சங்கம் ஒன்றின் கணக்குகளை நாம் தணிக்கை செய்துகொண்டிருந்தோம். கடன் பேரேட்டில் ஓர் அங்கத்தினரின் பெயருக்கு எதிரே, இரண்டு தவணைகள் வரவு வைக்கப்பட்ட பின், சிவப்பு மையில் ‘குதிரை இல்லை’ என்று எழுதியிருந்தது. விற்றுவிட்டாரோ என்று ஐயுற்று அவரை வரவழைத்துக் கேட்டோம். “விக்கலீங்க ஐயா, வந்த மூணாம் நாளு செத்துப் போச்சுங்க” என்றார். சந்தையில் பேரம் பேசி ஆயிரம் ரூபாய் குறைத்ததையும், வண்டி வாடகையில் மேலும் ஆயிரம் மிச்சம் பிடித்ததையும் அவர் மறைக்காமல் கூறினார். சிறு சரக்கு வண்டியொன்றில் குதிரையின் தலையை முன்கம்பியோடு இறுக்கிக் கட்டி, வழியில் ஓரிடத்திலும் நிறுத்தாமல், இரவோடிரவாக மலை ஏற்றியிருக்கிறார்கள். மறுநாள் இருமல், அதற்கடுத்த நாள் காய்ச்சல், மூன்றாம் நாள் முடிவு. எஞ்சிய தவணைகளை அவரும் ஜாமீன் கொடுத்த இரு அங்கத்தினர்களும் இன்றும் கட்டி வருகின்றனர்.

அந்தக் கடன் மனுவைப் பரிந்துரை செய்தவர்களுள் நாமும் ஒருவர். குதிரையின் விலைக்கு ஒரு கட்டம், சேணத்திற்கு ஒரு கட்டம், தீவனத்திற்கு ஒரு கட்டம் மனுவில் இருந்தன. கொண்டுவரும் செலவுக்குக் கட்டம் இல்லை. இல்லாததை நாமும் கேட்கவில்லை. கையில் இருந்ததைக் கொண்டு மலிவான வண்டியைத் தேடியது அவர் குற்றம் மட்டுமன்று.

இனி வழிகளைப் பார்ப்போம். ‘நடத்தியே கொண்டுவந்துவிடலாம், செலவே இல்லை’ என்பது பெரியவர்கள் பலர் கூறும் யோசனை. அந்தியூரிலிருந்து பெருந்துறை, காங்கேயம், தாராபுரம் வழியாகப் பழனி ஏறத்தாழ 140 கிலோமீட்டர். அங்கிருந்து மலைப்பாதை சுமார் 65. கால்நடைகளை நடத்திச் செல்வது குறித்து 2001ஆம் ஆண்டு வந்த மத்திய அரசு விதிகளின்படி, வளர்ந்த குதிரையை ஒரு நாளில் 45 கிலோமீட்டருக்கு மேல் நடத்தலாகாது. சூரியன் உதிக்குமுன்னும் மறைந்தபின்னும் நடத்தலாகாது. லாடம் இல்லாத கால்களோடு தார்ச்சாலையில் நடத்தலாகாது. ஆக, ஐந்து நாள் பயணம். இரண்டு ஆட்களுக்கு நாள் ஒன்றுக்கு ஆளுக்கு 700 ரூபாய் கூலி என்று வைத்துக்கொண்டால் அதுவே 7,000 ஆகிறது. சாப்பாடும், இராத்தங்கலும், லாடம் கட்டும் கூலியும் தனி. செலவே இல்லாத வழி என்று சொல்லப்பட்டதன் கணக்கு இது! அந்தியூரைச் சுற்றி ஒரு நாள் நடைத் தொலைவில் உள்ளவர்களுக்கே நடை பொருந்தும்.

இரயிலைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. தொலைதூரத்துக்கு அது ஏற்றதாக இருக்கலாம். இருநூறு கிலோமீட்டருக்கு, நிலையம் வரை ஒரு வண்டி, நிலையத்திலிருந்து ஒரு வண்டி என்று இரு முறை ஏற்றி இறக்குவதில் குதிரைக்கும் கேடு, பைக்கும் கேடு.

எஞ்சுவது மோட்டார் வண்டி. மக்கள் ‘குட்டி யானை’ என்று அழைக்கும் சிறு சரக்கு வண்டியின் தட்டு ஏறத்தாழ 7 அடி நீளமும் 5 அடிக்குச் சற்றுக் குறைந்த அகலமும் உடையது. 2016 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த மோட்டார் வாகன விதி, கால்நடை ஏற்றும் வண்டியில் குதிரை ஒன்றுக்கு 2.25 சதுர மீட்டர், அதாவது சுமார் 24 சதுர அடி இடம் விட்டு நிலையான தடுப்பு அமைக்க வேண்டும் என்கிறது. இடக்கணக்கில் பார்த்தால் ஒரு மட்டக்குதிரை அதில் நிற்கும். ஆனால் பக்கப் பலகை முழங்கால் உயரம்கூட இல்லை. நின்றுகொண்டே பயணம் செய்யும் பிராணியின் பாரம் முழுவதும் மேலே இருக்கிறது. சமவெளியில் ஒருவாறு தாக்குப்பிடிக்கும் அவ்வண்டி, கொண்டை ஊசி வளைவில் குதிரை ஒரு பக்கம் சாய்ந்தால் என்னாகும் என்பதை ஓட்டுநர்களே அறிவர். உயர்ந்த கம்பிக்கூடு பொருத்தாத சிறு வண்டியில் மலைக்குக் குதிரை ஏற்றுவதை நாம் எக்காலத்திலும் பரிந்துரை செய்ய மாட்டோம்.

பதினான்கு அடித் தட்டுள்ள லாரி ஆறடி அகலம் என்று கொண்டால் 84 சதுர அடி. மேற்சொன்ன கணக்கில் மூன்று குதிரைகள். பதினேழு அடியானால் 102, நான்கு குதிரைகள். கால்நடைப் போக்குவரத்துக்கான 1978ஆம் ஆண்டு விதிகள், குதிரைகளுக்கு இடையே 8 சென்டிமீட்டருக்குக் குறையாத பருமனுள்ள மூங்கில் தடுப்பு, பின்னால் விழாதபடி இரண்டு வலுவான கட்டைகள், சுற்றிலும் மெத்தைபோன்ற அணைப்பு, உடன் செல்ல ஓர் ஆள், மணிக்கு 35 கிலோமீட்டருக்கு மேற்படாத வேகம் ஆகியவற்றை வேண்டுகின்றன. எதிரே வரும் வண்டிகளைக் கண்டு மிரளாதிருக்கத் தலை இடப்புறம் நோக்கி நிற்க வேண்டும் என்பதும் அவற்றில் உண்டு. விதி எழுதியவர் குதிரையை அறிந்தவர் போலும்.

இங்கேதான் கூட்டுறவு வருகிறது. தனியொருவர் சிறு வண்டிக்கு 8,000 ரூபாய் கொடுக்கிறார் என்றும், பதினேழு அடி லாரிக்கு 16,000 என்றும் பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். நால்வர் சேர்ந்தால் ஆளுக்கு 4,000. மூங்கிலும் வைக்கோலும் உடன் செல்லும் ஆளின் கூலியும் நான்காகப் பிரியும். பெரிய வண்டி பணக்காரருக்கு என்ற எண்ணம் தவறு. நால்வர் ஒரே நாளில் வாங்கி ஒரே நாளில் புறப்பட ஒப்புக்கொள்ள வேண்டும் என்பதே இதிலுள்ள சங்கடம். அதற்குச் சந்தைக்கு முன்பே சங்கத்தில் கூடிப் பேசிக்கொள்ளல் வேண்டும். சினைக்குதிரையையும் குட்டியையும் மற்றவற்றோடு கலந்து ஏற்றக்கூடாது. வண்டியில் இடம் மிச்சமிருக்கிறதே என்று விதை மூட்டையோ ஜமக்காளக் கட்டோ ஏற்றவும் விதி இடம் கொடாது.

வண்டி பேசும்பொழுது வாடகையை மட்டும் கேட்டு முடித்துவிடக்கூடாது. திரும்பும் காலி வண்டிக்கும் சேர்த்தா, சுங்கக் கட்டணம் யாருடையது, வழியில் நிறுத்தினால் காத்திருப்புக் கூலி உண்டா என்பவற்றைச் சீட்டில் எழுதி வாங்குக. காத்திருப்புக் கூலிக்கு அஞ்சியே பலர் வழியில் தண்ணீர் காட்டாமல் போகின்றனர். தடுப்பு அமைத்த வண்டிக்கு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் தனி உரிமம் உண்டா என்றும் பார்த்துக்கொள்க. குதிரை பயணத்துக்குத் தகுதியானது என்ற கால்நடை மருத்துவர் சான்று கட்டாயம் தேவை. கிளாண்டர்ஸ் என்னும் தொற்றுநோய்க்கான இரத்தப் பரிசோதனை ஆகியிருக்கிறதா என்று விற்பவரிடம் கேட்பதும் நன்று. அந்நோய் மனிதருக்கும் பரவும். கண்ட குதிரையைக் கொல்வது தவிர வேறு வழியில்லை. இன்ஷூரன்ஸ் எடுப்பவர்கள், பயணத்தில் நேரும் சாவு அதில் அடங்குமா என்று எழுத்து மூலம் கேட்டறிய வேண்டும். அடங்கும் என்று வாயால் சொன்னதை நம்பிக் கைவிட்டோர் உண்டு.

இனி, அந்த மட்டக்குதிரை ஏன் மாண்டது என்பதைச் சொல்லுகிறோம். குதிரை வாயால் மூச்சு விட இயலாத பிராணி. மூக்கிலும் தொண்டையிலும் சேரும் தூசியையும் சளியையும் அது தலையைத் தாழ்த்தித்தான் வெளியேற்றும். தலையை உயரக் கட்டிப் பல மணி நேரம் நிறுத்தினால் அவ்வளவும் நுரையீரலுக்கு இறங்கும். காய்ச்சல் ஓரிரு நாள் கழித்தே தலைகாட்டும். ஆகையால் தலைக்கயிற்றைக் கடிவாளத்தில் கட்டாமல், இழுத்தால் அவிழும் முடிச்சாக, தலையை மார்பளவுக்காவது தாழ்த்தும்படி விட்டுக் கட்டுக. ஓய்வுக்கு நிறுத்தும்பொழுது இன்னும் தளர்த்தி விடுக. புல்லை நனைத்துப் போட்டால் தூசி அடங்கும்.

அந்தியூரில் ஒரு முதிய குதிரைக்காரரிடம் பேசிக்கொண்டிருந்தபொழுது அவர் சொன்னார்: “மாடு அசை போடுமுங்க, நாயி கக்கிப் போடுமுங்க, குதிரைக்கு ரெண்டும் இல்லீங்க. உள்ள போனது கீழதான் போவோணும்.” மருத்துவ நூல்களும் இதையே கூறுகின்றன. குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. தண்ணீர் குறைந்து தீவனம் குடலில் தங்கினால் சூலை வந்து புரளும். புறப்படும் நாளில் கொள்ளைக் குறைத்துப் புல்லும் தண்ணீரும் நிறையக் கொடுத்து ஏற்றுக. மூன்று மணிக்கொரு முறை நிறுத்தி வாளியில் தண்ணீர் காட்டுக. ஊர் மாறினால் சில குதிரைகள் புதுத் தண்ணீரை முகர்ந்து பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொள்ளும். பழகிய தண்ணீரை இரண்டு குடங்களில் உடன் கொண்டுவருவது அதற்குப் பரிகாரம்.

மலைக்குச் செல்வோருக்கு இன்னும் ஒன்று. கொடைக்கானல் ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரம். ஆடிக் காற்றில், வியர்வை காயாத உடம்போடு திறந்த லாரியில் மேலேறும் குதிரைக்கு அது தாங்காது. விடியுமுன் புறப்பட்டு, பழனி அடிவாரத்தில் ஒரு மணி நேரம் நிறுத்தி உடம்பைத் துடைத்து உலர்த்தி, முதுகில் கனத்த விரிப்பு ஒன்றைப் போட்டுக் கட்டி, அதன்பின் மலை ஏற்றுக. மூங்கிலில் சுற்றவும் முதுகில் போர்த்தவும் பழைய பவானி ஜமக்காளத்தைவிடச் சிறந்த பொருளை நாம் கண்டதில்லை. நெசவாளர் சங்கத்தார் இதை விளம்பரமாகக் கொண்டாலும் நமக்கு ஆட்சேபமில்லை. வந்து சேர்ந்த பின் மூன்று நாள் பொதி ஏற்றாமல், காலையும் மாலையும் உடல் வெப்பம் பார்க்க வேண்டும். 37.5 முதல் 38.5 டிகிரி செல்சியஸ் வரை இயல்பு. அதற்கு மேற்பட்டால் அன்றே மருத்துவரிடம் சொல்லுக. பொழுது விடியட்டும் என்று இருத்தல் ஆகாது.

மேற்சொன்ன சங்கத்தின் நிர்வாகக் குழு மறு ஆண்டே கடன் மனுவில் ‘கொண்டுவரும் செலவு’ என்றொரு கட்டத்தைச் சேர்த்தது. குதிரைக் கடனைப் பகுதி பகுதியாக, வண்டி வாடகையை வண்டிக்காரருக்கே நேரே கொடுப்பது என்றும் தீர்மானித்தது. குதிரை இழந்தவர் மீண்டும் கடன் கேட்கவில்லை. ஆனால் அந்த ஆடியில் வேறு நால்வர் ஒரே லாரி பேசிச் சந்தைக்குப் புறப்பட்டபொழுது, உடன் செல்லும் ஆளாக அவரே வந்தார்.

மறுநாள் பிற்பகல் லாரி வந்தபொழுது நாம் சங்க வாசலில் இருந்தோம். சாலையோர மண்மேட்டில் வண்டியைப் பின்புறமாக அணைத்து, இடைவெளிக்குப் பலகை போட்டார்கள். மூன்று குதிரைகள் இறங்கிவிட்டன. நான்காவதாகிய செவலைப் பெட்டைக்குதிரை பலகையில் ஒரு குளம்பை வைத்தது, அடியில் வெற்றிடமாகையால் ‘டொம்’ என்று ஓசை எழுந்தது, பின்வாங்கிவிட்டது. கயிற்றை இழுத்தார்கள், பின்னாலிருந்து தட்டினார்கள், அது அசையவில்லை. ஓட்டுநர், “அண்ணே, நேரமாகுது, அடிச்சு இறக்குங்க” என்றார். அவர் அடிக்கவில்லை. குதிரையின் முதுகிலிருந்த ஜமக்காளத்தை அவிழ்த்துப் பலகையின் மேல் இரண்டாக மடித்து விரித்தார். அதன்மேல் ஒரு பிடி வைக்கோல் தூவினார். பிறகு கயிற்றைத் தளரவிட்டுச் சும்மா நின்றார். பெட்டைக்குதிரை தலையைத் தாழ்த்தி விரிப்பை முகர்ந்தது, குளம்பை வைத்துப் பார்த்தது, ஓசை இல்லை. இறங்கி வந்து, அவர் தோளருகே நின்று, ஒரு முறை நன்றாகச் செருமிற்று.