நிறை என்பது அன்பின்மை அன்று

ஜேன் ஆஸ்டின் எழுதிய 'சென்ஸ் அண்டு சென்சிபிலிட்டி' என்னும் ஆங்கில நாவல் 1811-ஆம் ஆண்டில், ஆசிரியர் பெயரின்றி, 'ஒரு சீமாட்டி எழுதியது' என்ற குறிப்போடு மூன்று தொகுதிகளாக வெளிவந்தது. தலைப்பை 'அறிவும் உணர்வும்' எனப் பெயர்க்கலாம். தந்தை இறந்ததும் வீடும் நிலமும் அவருடைய மூத்த தாரத்து மகனைச் சேர, தாயும் மூன்று பெண்களும் சிறு வீடொன்றில் குடியேறுகின்றனர். மூத்தவள் எலினார், வயது 19. எதையும் அடக்கிக் காப்பவள். அடுத்தவள் மேரியான், வயது 16. காதலையும் துயரையும் பிறர் அறியக் கொட்டுபவள்.

நாவலை விரும்பிப் படிப்போர் பலர், அக்காள் அறிவுடையவள், தங்கை உணர்வுடையவள் எனப் பிரித்து, ஒருத்தி பக்கம் நின்று வாதிடுவர். கதையோ அவ்வாறு பிரிக்கவில்லை. எலினார் விரும்பிய எட்வர்டுக்கும் தனக்கும் மண ஒப்பந்தம் உண்டென்று லூசி என்பவள் அவளிடமே கூறி, வெளியிடுவதில்லை என வாக்கும் பெறுகிறாள். நான்கு திங்கள் எலினார் அதனைத் தாயிடமும் உரைக்கவில்லை. காதலன் கைவிட அழுது நலிந்த தங்கையை அந்நாளில் தேற்றியவளும் அவளே. உண்மை வெளிப்பட்டபோது, அக்காளின் நெஞ்சைக் குறைவாக மதித்ததற்கு மேரியான் நாணி வருந்துகிறாள்.

இப்பண்பிற்குத் தமிழில் 'நிறை' என்று பெயர். மறைக்க வேண்டியதைப் பிறர் அறியாது காப்பதே நிறை என்பது கலித்தொகை 133-ஆம் பாடல் தரும் இலக்கணம். வள்ளுவர் காமத்துப்பாலில் 'நிறையழிதல்' என ஓர் அதிகாரமே (126) வகுத்தார். அங்கே பேசும் தலைவி நிறை இல்லாதவள் அல்லள். தன் நிறையைக் காமம் உடைப்பது கண்டு வருந்துபவள். உள்ளே அன்பு மிகுந்திருந்தால்தான் நிறைக்கு வேலை உண்டு. உணர்வற்றவர்க்கு அடக்குவதற்கு ஏது?

2000-ஆம் ஆண்டில் ராஜீவ் மேனன் இயக்கிய 'கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்' இக்கதையைத் தமிழ்க் குடும்பம் ஒன்றின் கதையாக்கியது. எலினார் சௌமியா ஆனாள். மேரியான் மீனாட்சி ஆனாள். சௌமியாவின் வாயைக் கட்டுவது பிறருக்குத் தந்த வாக்கு அன்று, ராசியற்றவள் என்னும் பழிச்சொல். காரணம் மாறியது, நிறை மாறவில்லை.

கோலாலம்பூரிலும் கிள்ளானிலும் ஆங்கிலமும் தமிழும் ஒருங்கே கற்கும் மேல்வகுப்பு மாணவர்க்கு இந்நாவலையும் இவ்வதிகாரத்தையும் அருகருகே வைத்துக் கற்பிக்கலாம். ஆசிரியர்க்கும் இதில் ஒரு பாடம் உண்டு. அழும் பிள்ளையின் துயரை வகுப்பே அறியும். வாய் திறவாத பிள்ளையின் துயரை ஆசிரியர்தாம் தேடி அறிதல் வேண்டும்.